வெள்ளி ராவும் குவைத் விமானமும்

போன மாதம் முரளி வீட்டுக்கு வந்தான். உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கைப்பேசியை எடுத்து, சென்னை என்று ஓரிடத்திலும் லண்டன் என்று இன்னோரிடத்திலும் தட்டினான். இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி, இத்தனை நிமிடம் என்று உடனே வந்து நின்றது.

"சார், இதச் சொல்றதுக்கா உங்களுக்கு மாசா மாசம் சம்பளம் குடுத்தாங்க?" என்று கேட்டான்.

முரளி என்னிடம் வேலை பழகியவன். இப்போது அவன் தலையும் வழுக்கை. செங்கல்பட்டில் சொந்தமாக டிராவல் ஏஜென்சி நடத்துகிறான். ஆபீஸ் திறந்து வெகுநாள் ஆகிவிட்டதென்று ஒரு சிறப்பு மலர் போடுகிறானாம். "உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க சார், இப்ப வர்ற பசங்க படிக்கட்டும்" என்றான். அனுபவம் என்று யோசித்தால் எனக்கு என் தப்புகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. நான் சரியாகப் போட்ட டிக்கெட்காரர்கள் எல்லாரும் விமானம் ஏறிப் போய்விட்டார்கள். தப்பாகப் போட்டவர்கள்தான் திரும்பி வந்து கவுண்டரில் நின்றார்கள். அதனால் அவர்கள் முகம் மறக்கவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஜில்லாவுக்கே, விமானத்தில் எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று சொல்லிக்கொண்டிருந்த நான், வேலையில் இருந்தவரை ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. இதை எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை. "மேல போனா காது அடைக்குமா சார்?" என்று கேட்பார்கள். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊதுங்க, சரியாயிடும்" என்று வாரத்துக்கு ஏழு தடவை போய் வருகிறவனாட்டம் சொல்வேன்.

நான் மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பத்தில் பிறந்தவன். அப்பா கட்டுமரம், அம்மா மீன் கூடை. பத்தாவது முடித்து, செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்ததும் கடலுக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உண்மைக் காரணம், எனக்குக் கடலில் குமட்டும். குப்பத்தில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் "படிச்சிட்டேன்" என்று சொல்லிவைத்தேன். கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோட்டலில் பயண உதவி மேசை என்று ஒன்று போட்டிருந்தார்கள். அதில் உட்கார ஆள் தேவைப்பட்டது. எழுபதுகளின் தொடக்கம் அது. டெலிபோன் டைரக்டரி கனத்தில் உலக விமானங்களின் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

வந்த இரண்டாவது வாரமே ஒரு வெள்ளைக்கார அம்மாள், பம்பாயிலிருந்து லண்டனுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டார். புத்தகத்தில் பார்த்தேன். பம்பாயில் காலை ஏழு மணிக்குப் புறப்பாடு, லண்டனில் பகல் பன்னிரண்டுக்குச் சேரும். ஐந்து மணி நேரம் என்றேன். திரும்பி வருவதற்கு? லண்டனில் காலை பத்து, பம்பாயில் இரவு ஒரு மணி. பதினைந்து மணி நேரம் என்றேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். போக ஐந்து, வரப் பதினைந்தா என்றார். எனக்குத் தயக்கமே இல்லை. போகும்போது பின்னாலிருந்து காற்று தள்ளும், வரும்போது எதிர்காற்று என்று விளக்கினேன். அவர் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பாராட்டி எழுதினார் என்றுதான் அன்று நினைத்தேன்.

வீட்டில் வந்து சொன்னபோது அப்பாகூட ஒப்புக்கொண்டார். "கொண்டல் காத்து புடிச்சா அப்டிதான். அஞ்சு நாழில போறது பாஞ்சி நாழி ஆவும்" என்றார். புத்தகத்தில் போட்டிருப்பது அந்தந்த ஊர் மணி என்பதும், ஊருக்கு ஊர் மணி மாறும் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் சுமார் பத்து மணி நேரம்தான் என்பது எனக்குப் புரிய இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அதற்குள் எத்தனை வெள்ளைக்காரர்கள் என் காற்றை நம்பிப் போனார்களோ தெரியாது.

ஹோட்டல் மேசையை மூடிவிட்டதும் செங்கல்பட்டுக்கு வந்தேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாடியில், ஒரு சின்ன டிராவல் ஏஜென்சி. நடத்தியவர் ரோஸ்லின் மேடம். டிரங்கால் எக்ஸ்சேஞ்சில் வெகுநாள் ஆபரேட்டராக இருந்து, கழுத்து வலி வந்து வேலையை விட்டவர். ஆனால் எக்ஸ்சேஞ்ச் அவரை விடவில்லை. எதிரில் இருப்பவர் பேசும்போது மேடத்தின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருக்கும். டிரங்கால் கணக்குப்படி மூன்று நிமிடம் ஆனதும் "சொல்லுங்க, வேற?" என்பார். அவர் கணவர்கூட மூன்று நிமிடத்துக்கு மேல் சண்டை போட்டதில்லை என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஆபீஸ் சுவரில் நான்கு கடிகாரங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. மெட்ராஸ், லண்டன், குவைத், சிங்கப்பூர். ஓடியது மெட்ராஸ் மட்டும். மற்ற மூன்றும் பழுது. மணிக்கொரு தரம் ஸ்டூல் போட்டு ஏறி, மூன்றின் முள்ளையும் கையால் திருப்பி வைப்பது என் வேலை. சாப்பிடப் போனால் லண்டன் நின்றுவிடும். நான் ஜுரத்தில் படுத்த இரண்டு நாளும் சிங்கப்பூரில் பொழுதே விடியவில்லை.

மேடம் நல்ல உத்தியோகஸ்தர். எனக்கு அவர் கற்றுத்தந்ததெல்லாம் ஒரே ஒரு கேள்வி. எந்த மணியைச் சொன்னாலும், தலையைத் தூக்காமல், "யாரோட கடியாரம்?" என்று கேட்பார். ஆறு மணி என்றால், யாரோட கடியாரம்? டீ குடிக்கப் பத்தே காலுக்குப் போகிறேன் என்றாலும், பழக்க தோஷத்தில், யாரோட கடியாரம்?

அதற்கென்றே ஒரு பச்சைச் சீட்டு அச்சடித்து வைத்திருந்தார். அதில் நாலு வரி. புறப்படும் ஊர் மணி, அதன் கீழே அதற்குச் சரியான கிரீன்விச் மணி. சேரும் ஊர் மணி, அதன் கீழே அதற்கான கிரீன்விச் மணி. இரண்டாவது வரியை நாலாவது வரியிலிருந்து கழித்தால் வருவதுதான் பயண நேரம். அதைச் சிவப்பு மையில் வட்டம் போட வேண்டும். வட்டம் போடும்வரை வாடிக்கையாளரிடம் வாயைத் திறக்கக்கூடாது. திறந்தபின், நாம் சொன்னதை அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அவர் சொன்னதை நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். எக்ஸ்சேஞ்சில் நம்பரைத் திருப்பிச் சொல்கிற பழக்கம் அது. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லிவிட்டால் தப்பு நடக்கவே முடியாது என்பது மேடத்தின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கெடுத்த பெருமை என்னைச் சேரும்.

எழுபத்தாறோ ஏழோ, சரியாக ஞாபகமில்லை. அந்தச் சமயத்தில்தான் நம் பக்கத்து ஆட்கள் வளைகுடாவுக்கு நிறையப் போக ஆரம்பித்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஜைத்தூன் அம்மாள் என்பவர் தம்பி பஷீர் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். பஷீர் பாய் அங்கே வலை நூலும் தூண்டில் முள்ளும் விற்கும் கடை வைத்திருந்தவர். எங்கள் குப்பத்து ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்தவர். அந்த அம்மாளின் மகன் ஜலீல் மூன்று வருஷமாகக் குவைத்தில் வேலை. மகள் நூர்ஜஹானுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. கம்பெனி ஜலீலுக்கு மெட்ராஸ் வரை டிக்கெட் கொடுக்கும். எந்த விமானம் பிடித்தால் நேரத்துக்கு வந்து சேரலாம் என்று நாங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும், பம்பாயிலிருந்து மெட்ராஸ் வர இடமும் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

"புதங்கெழம வேல முடிஞ்சிதான் கம்பெனில வுடுவாங்களாம்" என்றார் பஷீர் பாய். "அதுக்கு முன்னாடி முடியாதுன்னு எழுதிக்கிறான்."

"நிக்காஹ் என்னைக்கு?"

"வெள்ளி ராவு தம்பி" என்றார் அந்த அம்மாள். பிறகு குரலை இறக்கினார். "இவங்க அத்தா மௌத்தானப்ப அவன் வர முடில. அடக்கம் பண்ணி மூணு நாள் கழிச்சிதான் அவன் கெளம்பவே வழி கெடச்சிது. இனிமே வந்து இன்னா பண்ணப்போறேன்னு வராமயே இருந்துட்டான். தங்கச்சி நிக்காஹ்வுக்காச்சும் அவன் குந்தணும். அந்தப் பொண்ணு தெனம் அத்தயே சொல்லிகினு கீது."

அண்ணன் வராவிட்டால் நிக்காஹ் நின்றுவிடாது. அத்தாவின் அண்ணன் பெரியத்தா இருக்கிறார், பெண்ணுக்குப் பொறுப்பாக உட்கார்ந்து அவர் நடத்திவைப்பார். அவன் இல்லாமலும் நடந்துவிடும் என்பதுதான் அந்த அம்மாளுக்குப் பயமே.

நான் புத்தகத்தைப் பிரித்தேன். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டுக்குக் குவைத்தில் ஒரு விமானம் புறப்பட்டு, மாலை ஆறரைக்குப் பம்பாய் சேர்கிறது. பச்சைச் சீட்டை எடுத்தேன். கிரீன்விச்சுக்கு மாற்றினேன், கழித்தேன், நாலு மணி நேரம் என்று சிவப்பு வட்டம் போட்டேன். ஆறரை மணி நேரம் என்று பஷீர் பாய் விரல் விட்டு எண்ணியதைத் திருத்தி, அவர்களுக்கு ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றினேன். வெள்ளிக்கிழமை காலை முதல் விமானத்தில் மெட்ராஸ், பகலுக்குள் சதுரங்கப்பட்டினம் என்று கிழமையை என் சீட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன்.

"சாயங்காலம் வரைக்கும் தூங்கி எழுந்துகூட மாப்பிள்ளை வீட்டை வரவேற்கலாம்" என்றேன்.

மேடத்தின் கண் என் மேல் இருந்தது. எனவே முறைப்படி, "நிக்காஹ் வெள்ளி ராத்திரி" என்று திருப்பிச் சொன்னேன்.

"ஆமா தம்பி, வெள்ளி ராவு" என்று அந்த அம்மாளும் திருப்பிச் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றே. மேடம் தலையை ஆட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

எழுந்திருக்கும்போது, "நீங்களும் வந்து துன்னுட்டுப் போவணும் தம்பி. பிரியாணி" என்றார்.

எனக்கு நாக்கில் நீர் ஊறியது. ஆனால் எங்கள் வீட்டில் அம்மா வைத்த சட்டம் ஒன்று உண்டு. மீன் விற்றுப் பிழைக்கிற வீடுதான், ஆனாலும் வெள்ளிக்கிழமை அடுப்பில் கவுச்சி ஏறாது, யார் வாயிலும் படாது. "வெள்ளிக்கிழமை நான் கவுச்சி சாப்பிடறதில்லம்மா" என்றேன்.

"வெள்ளிக்கெழம தான துன்ன மாட்டீங்க? ராவுல துன்றதுக்கு இன்னா?"

"வெள்ளின்னா ராத்திரியும் வெள்ளிதாம்மா" என்றேன் பெருந்தன்மையாக.

அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரி, உங்களுக்குத் தனியா சாம்பார் வெக்கச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு பேச்சில் எல்லாமே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு கேள்வி கேட்டிருந்தால் எழுதுவதற்கு இன்று எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

ஜலீலுக்குத் தந்தி கொடுத்தோம், இடம் பிடித்தோம், நான் மறந்தும் போனேன். நிக்காஹ் நடக்கும் வாரம், திங்கட்கிழமை காலை, பஷீர் பாய் பத்திரிகையோடு படியேறி வந்தார். மேடத்துக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஜரிகைக் காகிதம், பச்சை எழுத்து. படித்தேன். "வியாழன் மாலை வெள்ளி இரவு 8 மணிக்கு" என்று இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. "பாய், பிரஸ்காரன் உங்கள ஏமாத்திட்டான். வியாழன்னும் போட்டிருக்கான், வெள்ளின்னும் போட்டிருக்கான் பாருங்க" என்றேன்.

"சரியாத்தான போட்டுக்கிறான்?" என்றார் அவர்.

"எப்படி பாய் ரெண்டு கிழமையும் வரும்?"

"இன்னா தம்பி இது? பொழுது சாஞ்சி மஃரிப் பாங்கு சொன்னா அடுத்த நாள் பொறந்துடுதில்ல? வியாழக்கெழம சாய்ங்காலம் பொழுது சாஞ்சா வெள்ளி ராவு. விடிஞ்சா வெள்ளிப் பகலு. எங்களுக்கு ராவுதான் மொதல்ல வரும்."

நான் பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "அப்ப அன்னைக்கு அம்மா சொன்ன வெள்ளி ராவு..."

"வியாழக்கெழம ராவு. வேற இன்னா?"

ஜலீல் வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்குவான். நிக்காஹ் முந்தைய இரவே முடிந்திருக்கும். அப்பாவின் அடக்கத்துக்கு வர முடியாதவன், தங்கச்சி நிக்காஹ்வில் மிச்சமிருக்கும் சோற்றுக்கு வந்து சேர்வான். அதற்கு ஏற்பாடு செய்தவன் நான். பஷீர் பாய்க்கும் புரிந்துவிட்டது. மனுஷன் கத்தவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து, "அக்காகிட்ட நா எப்டி சொல்றது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நிக்காஹ்வை ஒரு நாள் தள்ள முடியுமா என்று கேட்டேன். பத்திரிகை கொடுத்தாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் ஆற்காட்டிலிருந்து வருகிறார்கள், மாப்பிள்ளைக்கே சனிக்கிழமை வேலையில் இருக்க வேண்டும் என்றார்.

ரோஸ்லின் மேடம் ஃபைலைத் திறந்து பச்சைச் சீட்டை எடுத்தார். என் சிவப்பு வட்டம் அழகாக இருந்தது.

"கிரீன்விச் வரிக்கும் கரெக்ட்டா போய்ட்டு வந்துக்கிறீங்க வேலாயுதம்" என்றார். "நடுவுல சதுரங்கப்பட்டினத்துல ஒரு நிமிசம் எறங்கி இருக்கலாம்."

அவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். புதன் இரவு வரை ஜலீல் கிளம்ப முடியாது. வியாழன் பகல் விமானம் தவிர பம்பாய்க்கு வேறில்லை. பம்பாய் வழி அடைத்துவிட்டது. குவைத்திலிருந்து வியாழன் காலை கிளம்புகிற ஒவ்வொரு விமானமாக விரலை வைத்துப் பார்த்தேன். சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால் அது கண்ணில் பட்டது. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, பகல் இரண்டேகாலுக்குக் கொழும்பு சேரும் விமானம். கொழும்பிலிருந்து மாலை நாலு மணிக்கு ஒன்று, ஐந்தேகாலுக்கு மீனம்பாக்கம்.

கொழும்பு நமக்கும் தெற்கே. ஊரப்பாக்கத்தில் இறங்க வேண்டியவர் செங்கல்பட்டு வரை போய்த் திரும்பி வருகிற கதை அது. தூரம் அதிகம். ஆனால் சீக்கிரம் வந்து சேர்கிறது. இத்தனை வருஷத்தில் கிட்டத்து வழி எது என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் பதில் சொல்லியிருக்கிறேன். சுற்றுவழி எது என்று நானே தேடியது அன்றைக்குத்தான்.

"யாரோட கடியாரம்?" என்றார் மேடம்.

சீட்டுப் போட்டேன். குவைத் ஆறு என்றால் நமக்கு எட்டரை. கொழும்புக்கும் நமக்கும் அப்போது ஒரே மணி. ஐந்தே முக்கால் மணி நேரம். என்னையே நம்பாமல் இரண்டாவது சீட்டிலும் போட்டுப் பார்த்தேன். அதே விடை.

அடுத்தது தூரம். டிக்கெட் விதி என்னவென்றால், இரண்டு ஊருக்கு ஒரு கட்டணம் கொடுத்தவர் நேர்வழியிலேயே போக வேண்டும் என்பதில்லை. நேர்தூரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு வரை சுற்றலாம், கூடுதல் பணம் கிடையாது. அதைத் தாண்டினால் தாண்டியதற்கு ஏற்பக் கட்ட வேண்டும். மைல் கணக்குப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் மேடம் எப்போதும் உலக உருண்டையில் கறுப்பு நூலை வைத்துப் பார்ப்பார். எங்கள் உருண்டையில் எல்லாரும் விரல் வைத்து வைத்து மெட்ராஸ் அழிந்துபோய் வெள்ளையாக இருக்கும். குவைத்துக்கும் அந்த வெள்ளைக்கும் ஒரு நூல். குவைத், கொழும்பு, வெள்ளை என்று இன்னொரு நூல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். பிறகு பட்டியலில் மைல்களைக் கூட்டினார்.

"கொஞ்சம் தாண்டுது" என்றார்.

"அந்தக் கூடுதல நான் கட்டிடறேன் மேடம்."

"அப்புறம்? வேற யாரு கட்டுவாங்க?" என்று நூலைச் சுருட்டி டிராயரில் போட்டார்.

அன்று மத்தியானமே பஸ் பிடித்து மெட்ராஸ் போனேன். விமானக் கம்பெனி ஆபீஸில் டெலக்ஸ் அடிக்கச் சொல்லி, பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். அன்று பதில் வரவில்லை. மறுநாள் காலையும் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். காவலாளி என்னை வேலை கேட்டு வந்தவன் என்று நினைத்து, "இங்க காலி இல்லப்பா" என்று இரண்டு தடவை சொன்னார். பகல் பதினொரு மணிக்கு இரண்டு விமானத்திலும் இடம் உறுதி என்று பதில் வந்தது. ஜலீலுக்குத் தந்தி கொடுத்தேன். "குவைத் மணி" என்ற வார்த்தையைக் காசைப் பாராமல் இரண்டு இடத்தில் சேர்த்தேன்.

வியாழக்கிழமை செங்கல்பட்டு ஸ்டாண்டிலிருந்து ஒரு அம்பாசிடரை எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கே மீனம்பாக்கம் போய்விட்டேன். கொழும்பு விமானம் அரை மணி தாமதம். அந்த அரை மணியில் எனக்குத் தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். தெரியாத சாமியையும் விடவில்லை. ஆறேகாலுக்குக் கையில் ஒரு டேப் ரெக்கார்டர் பெட்டியோடு ஒல்லியாக ஒருவர் வெளியே வந்தார். பஷீர் பாயின் மூக்கு. உடனே தெரிந்துகொண்டேன்.

வண்டி ஊரப்பாக்கம் தாண்டும்போது உண்மையைச் சொன்னேன். முதல் ஏற்பாடு என் தப்பு என்றேன்.

"ஒங்க மொத தந்தி பாத்ததும் எனக்கு ஒரு மாறிதான் இருந்துச்சி" என்றார் ஜலீல். "வெள்ளி ராவுன்னு அம்மா எழுதிக்கிறாங்க, இவங்க வெள்ளிக் காலைல வரச் சொல்றாங்களேன்னு. அப்பறம், நிக்காஹ்வ ஒரு நாள் தள்ளிட்டாங்க போலன்னு நெனச்சிகினேன். ஆபீஸ்ல தப்பாவா போடுவாங்க?"

டிரைவரை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னேன்.

செங்கல்பட்டில் ரயில்வே கேட் போட்டிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி வந்து, நின்று, யோசித்து, பின்னால் போய், மறுபடி முன்னால் வந்தது. குவைத்திலிருந்து கொழும்புக்கு நிமிடச் சுத்தமாகக் கணக்குப் போட்ட நான், ஆபீஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற கேட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை. டிரைவர் இறங்கிப் போய்ப் பீடி பற்றவைத்தார்.

"மணி என்ன?" என்றேன்.

ஜலீல் கையைத் திருப்பிப் பார்த்தார். "ஏழு இருவது."

என் கடிகாரத்திலும் அதுதான். "பரவாயில்லையே, வந்ததுமே நம்ம மணிக்கு மாத்திட்டீங்களே" என்றேன்.

"மாத்தவே இல்லண்ணே. மூணு வருசமா கையில வூட்டு மணிதான் ஓடிகினு கீது. அங்க மணி சொவத்துல பாத்துக்குவேன்." கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினார். "அத்தா போனப்ப தந்தில அடக்கம் லுகருக்கு அப்பறம்னு போட்டிருந்தாங்க. மத்தியானத் தொழுக முடிஞ்சி. இத்தப் பாத்துகினேதான் அங்க நின்னுகினு இருந்தேன். ரெண்டு மணிக்கு, இப்ப மண்ணு போடுவாங்கன்னு நெனச்சிகினேன்."

யாரோட கடியாரம் என்று நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன். அதற்கு இப்படி ஒரு பதில் இருக்கும் என்று நினைத்ததில்லை. அந்த நிமிடத்தில் கூட்ஸ் வண்டியை நானே தோளால் தள்ளிவிடுகிற ஆத்திரம் வந்தது.

கேட் திறந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டி, சதுரங்கப்பட்டினத்தில் பந்தல் விளக்கு தெரிந்தபோது மணி எட்டு முப்பத்தைந்து. உள்ளே இமாம் நிக்காஹ்வுக்கு முன்னால் செய்யும் உபதேசமான பயானை இன்னும் பேசிக்கொண்டிருந்தார். சுருக்கமாகப் பேசுகிறவர் என்று பெயராம். அன்று பஷீர் பாய் வாசலில் நின்று கையைக் காட்டிக் காட்டி நீட்டச் சொல்லியிருக்கிறார். இமாமும், நல்ல குடும்பம் என்பதில் ஆரம்பித்து, அண்டை வீட்டாருக்குச் செய்யும் உபகாரம் வரை வந்திருந்தார். ஜலீல் செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினார். பெண்கள் இருந்த திரைக்குப் பின்னாலிருந்து ஒரு அழுகைச் சத்தம் எழுந்தது. அது நூர்ஜஹான் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். இமாம் பாதி வாக்கியத்தில் பயானை முடித்துக்கொண்டார். பெரியத்தா எழுந்து இடம் விட, அந்த இடத்தில் அண்ணன் உட்கார்ந்தார்.

நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்படியே நழுவி அதே அம்பாசிடரில் போய்விடலாம் என்று திட்டம். பஷீர் பாய் பார்த்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தார். எதிரில் தட்டு வந்தது. பிரியாணி, மேலே ஒரு பெரிய துண்டு, பக்கத்தில் தால்சா. சாம்பாரைக் காணோம்.

திரை விலகியது. ஜைத்தூன் அம்மாள் எட்டிப் பார்த்தார். அழுத கண். ஆனால் உதட்டில் ஒரு வம்பு இருந்தது.

"பஷீரு, அவசரப்பட்டு வெச்சிடாத. டிக்கெட்டுக்காரத் தம்பி வெள்ளின்னா துன்ன மாட்டாரு" என்றார். பந்தி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. "ஏன் தம்பி, இப்ப இன்னா கெழம?"

தட்டைப் பார்த்தேன். வெள்ளி என்றால் அந்த அம்மாளிடம் செய்த தப்புக்கு மன்னிப்புக் கேட்ட மாதிரி ஆகும், பிரியாணி போய்விடும். வியாழன் என்றால் இன்னும் நான் திருந்தவில்லை என்று ஆகும், பிரியாணி கிடைக்கும். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

"உங்க வூட்டுக் கடிகாரத்துல வெள்ளிம்மா" என்றேன். "எங்க அம்மா கடிகாரத்துல இன்னும் வியாழன்தான்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"பஷீரு, இன்னொரு கரண்டி வையி. அவுருக்கு வெள்ளி பொறக்க இன்னும் ராப்பொழுது பூரா கீது."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

மறுவாரம் ரோஸ்லின் மேடம் புதிதாகப் பச்சைச் சீட்டு அச்சடித்தார். அதில் ஐந்தாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. "யாருடைய இரவு?" முரளி வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வரி எதற்கு என்று கேட்டான். பிரஸ்காரன் தப்பு என்று சொல்லிவிட்டேன். முரளி, அந்தப் பொய்யையும் இதோடு சேர்த்து அச்சில் போட்டுவிடு.